குழூஉக்குறியும் வானலை நட்பும்



ஒரு தொழிலைச் செய்வோர் தமக்குள் வழங்கிக்கொள்ளும் தனிச்சொற்களுக்கு நம் இலக்கணத்தார் குழூஉக்குறி என்று பெயரிட்டனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றும் வழங்குவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். நன்னூல் இதனைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்து இலக்கணம் கூறுகிறது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தில் தோன்றியவர் என்பது கொங்கு நாட்டார் போற்றிவரும் மரபு. அவ்வூர் எங்கள் திருப்பூரிலிருந்து ஒரு நாள் நடையில் எய்தக்கூடிய தொலைவில் இருக்கிறது. ஆதலின், குழூஉக்குறியைப் பற்றித் திருப்பூரான் ஒருவன் பேசத் துணிவதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது கொல்லர் குறியும் அன்று. பாகர் குறியும் அன்று. இருவழி வானொலியில் நண்பரோடு உரையாடும் அன்பர்கள் வழங்கும் குறி அது. இந்த உரை உங்களை வந்தடையும் வானொலி ஒருவழிப்பட்டது. நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். இருவழி வானொலியிலோ கேட்பவரே பேசவும் பேசுபவரே கேட்கவும் வேண்டும். அவ்வாறு பேசுவதற்கென உரிமம் பெற்ற பொழுதுபோக்கு அன்பர்களை உலகெங்கும் 'ஹாம்' என்று அழைப்பர். தந்திப் பணியாளர்கள், தம்முள் திறமை குன்றியவரைக் கேலி செய்ய வழங்கிய பெயர் அது. கேலிக்கு ஆளானவர்களே பின்னர் அதனைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டனர்.

குழூஉக்குறி இரண்டு நோக்கங்களால் பிறக்கிறது. ஒன்று மறைத்தல், மற்றொன்று சுருக்குதல். இவ்விரண்டையும் எங்கள் வட்டாரத்திலேயே காணலாம். வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் காங்கேயம் மாட்டுச் சந்தை கூடும். கொங்கு நாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டு, அதன் அடியில் விரல்களைப் பற்றி விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. இது மறைக்கும் குறி.

பனியன் தொழிலிலோ வேறு வகையைக் காண்கிறோம். நூல் வணிகரிடம் ஒருவர் 'நாற்பதாம் நம்பர்' என்று சொன்னால், ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 அடங்கியிருக்க வேண்டும் என்பது பொருள். அதாவது ஒரு பவுண்டு நூலை நீட்டிப் பிடித்தால் 33,600 கெஜம் போகும். இவ்வளவு செய்தியையும் ஒரே ஓர் எண் சுமக்கிறது. பொருள் தெரியவேண்டும் என்று ஒருவர் விரும்பினால் யாரும் மறைக்கமாட்டார்கள். எந்த நூற்கடைப் பையனும் சொல்லிக்கொடுப்பான். இது சுருக்கும் குறி.

வானலை அன்பர்களின் மொழி இவ்விரண்டனுள் எதைச் சார்ந்தது? இக்கேள்விக்கு விடை காணவேண்டின் அதன் பிறப்பைச் சற்று ஆராய வேண்டும். ஏனெனில், அதன் விடையைப் பொறுத்தே அம்மொழியைப் பேசும் உரிமையும் பலமுறை நின்றும் நிலைத்தும் வந்திருக்கிறது.

அம்மொழியின் தொட்டில் கம்பித் தந்தி. சென்னையிலிருந்து மேற்குக் கரையை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டில் போத்தனூரை எட்டியது. அப்பாதையில் அமைந்த திருப்பூர் பின்னர்ப் பருத்திச் சந்தையாக வளர்ந்தது. தந்தியில் சொல் எண்ணிக்கைக்குக் காசு. ஆகவே வணிகர்களுக்கென்றே சுருக்கச் சொல் அகராதிகள் அச்சாயின. 1906-இல் வெளிவந்த பென்ட்லி என்பாரின் அகராதி அவற்றுள் பெயர்பெற்றது. ஐந்தெழுத்துக் கோவை ஒன்று ஒரு முழு வாக்கியத்தைக் குறிக்கும். காசை மிச்சப்படுத்தவே அது தோன்றியது.

தந்தி அனுப்பும் பணியாளருக்கோ காசைவிடக் கைச்சலிப்பே பெரிது. புள்ளியும் கோடுமாக விசையைத் தட்டித் தட்டி ஓய்ந்த அவர்கள், அடிக்கடி வரும் வாக்கியங்களுக்கு எண்களை வைத்துக்கொண்டனர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தந்திக் கம்பிகளில் இவ்வாறு பிறந்ததே '73' என்னும் எண். 'என் நல்வாழ்த்துகள்' என்பது அதன் பொருள். மோர்சு முறையில் ஏழு என்பது இரண்டு கோடும் மூன்று புள்ளியும்; மூன்று என்பது மூன்று புள்ளியும் இரண்டு கோடும். முன்னிருந்து கேட்டாலும் பின்னிருந்து கேட்டாலும் ஒரே ஓசை. இந்த அழகினாலேயே இவ்வாழ்த்து நிலைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது. இன்றும் எந்நாட்டு வானலை அன்பரும் விடைபெறுகையில் '73' என்று சொல்லியே பிரிவர்.

தந்தி கம்பியை விட்டு வானில் ஏறியபோது இம்மொழியும் உடன் ஏறிற்று. கம்பித் தந்தியில் எல்லா நிலையங்களையும் ஒருங்கே அழைக்க வழங்கிய 'சி க்யூ' என்னும் குறியை மார்க்கோனி நிறுவனத்தார் கப்பல்களுக்கு எடுத்துக்கொண்டனர். 1904-இல் அதனோடு 'டி' என்னும் எழுத்தைச் சேர்த்து ஆபத்துக் குறியாக்கினர். 1906-இல் பெர்லின் மாநாடு 'எஸ் ஓ எஸ்' என்பதை வகுத்தது. 1908-இல் அது நடைமுறைக்கு வந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதன் தந்தியாளர் பழைய குறியையும் புதிய குறியையும் மாறிமாறி அனுப்பினார். அவ்வாண்டிலேயே இலண்டனில் கூடிய உலக மாநாடு 'க்யூ' என்னும் எழுத்தில் தொடங்கும் குறிகளின் பட்டியலை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது. ருசியக் கப்பலும் இசுப்பானியத் துறைமுகமும் ஒன்றின் மொழியை மற்றொன்று அறியாமலே பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இக்குறிகளின் அமைப்பு மிக எளியது. மூன்றெழுத்தை வினாவாகச் சொன்னால் கேள்வி. வெறுமனே சொன்னால் விடை. யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் 'க்யூ டி எச்?' என்று கேட்டால் 'உம் இடம் யாது?' என்பது பொருள். நான் 'க்யூ டி எச் திருப்பூர்' என்றால் விடை முடிந்தது. பிற நிலையங்களின் இடையூறு 'க்யூ ஆர் எம்'. இடிமின்னலால் எழும் கரகரப்பு 'க்யூ ஆர் என்'. அலை ஏறியிறங்கித் தேய்வது 'க்யூ எஸ் பி'. பெற்றுக்கொண்டேன் என்பதற்கு 'க்யூ எஸ் எல்'. நிலையத்தை மூடுகிறேன் என்பதற்கு 'க்யூ ஆர் டி'. இருபது குறிகளைக் கற்றவர் உலகின் எந்த மூலையிலுள்ள அன்பரோடும் கால்மணி நேரம் உரையாடலாம்.

குரலால் பேசும் கருவிகள் வந்தபின் வேறு சில சொற்கள் பிறந்தன. திரைப்படங்களில் அடிக்கடி கேட்கும் 'ரோஜர்' என்னும் சொல் ஒருவருடைய பெயர் போலத் தோன்றும். 'பெற்றேன்' என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து 'ஆர்'. அவ்வெழுத்தைத் தெளிவாக உணர்த்த அக்காலத்தில் 'ரோஜர்' என்று சொல்லிவந்தனர். 1956-இல் விமானப் போக்குவரத்துக்கென ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்னும் புதிய எழுத்துப்பெயர் வரிசை நடைமுறைக்கு வந்தபோது அவ்வெழுத்து 'ரோமியோ' ஆயிற்று. ஆயினும் ரோஜர் போகவில்லை. எழுத்துக்குப் பெயர் வைத்துச் சொல்வதன் பயன் நம்மவர்க்குப் புதிதன்று. தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது 'பம்பாய்க்கு வரும் பி', 'டெல்லிக்கு வரும் டி' என்று நம் கடைக்காரர்கள் விளக்குவதும் இதுவே.

'ஓவர்' என்னும் சொல்லுக்கும் தக்க காரணம் உண்டு. இருவரும் ஒரே அலைவரிசையில் இருப்பர். பொத்தானை அழுத்திப் பேசுகிறவருக்குப் பிறர் பேசுவது கேட்காது. இருவரும் ஒருங்கே பேசினால் ஒருவர் பேச்சும் உருப்படாது. ஆகவே 'நான் முடித்தேன். இனி உம் முறை' என்று சொல்ல ஒரு சொல் வேண்டியதாயிற்று. பேச்சு அடியோடு முடிந்தது என்பதற்கு 'அவுட்'. திரைப்பட வீரர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். 'உம் முறை' என்றும் 'போய்வருகிறேன்' என்றும் ஒரே மூச்சில் சொன்னால் எதிரிலிருப்பவர் யாது செய்வார்?

அமெரிக்கக் காவல்துறையார் வழங்கிய பத்து எண் குறிகளின் வரலாறும் சுவையானது. 1930-களின் பிற்பகுதியில் இல்லினாய் மாநிலக் காவல்துறையில் இவை தோன்றின. அக்கால வண்டிக் கருவிகளில் பொத்தானை அழுத்தியதும் மின்னாக்கி முழு வேகம் பெறச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் சொல்லும் முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். எனவே எல்லாக் குறிகளின் முன்னும் 'பத்து' என்று சேர்த்தனர். அந்தப் 'பத்து' விழுங்கப்பட்டாலும் உண்மையான எண் தப்பிப் பிழைக்கும். பின்னர் அந்நாட்டுச் சரக்கு வண்டி ஓட்டிகள் மக்கள் அலைவரிசையில் நண்பர்களோடு பேச இக்குறிகளையே எடுத்துக்கொண்டனர். பழங்கருவியின் குறை ஒரு மொழியின் மரபாகிவிட்டது.

இவ்வளவையும் நோக்கினால், இம்மொழியில் மறைப்பதற்கென்று ஏற்பட்ட சொல் ஒன்றும் இல்லை என்பது புலனாகும். காசு, கைச்சலிப்பு, இரைச்சல், மொழி வேற்றுமை, கருவியின் குறை ஆகிய ஐந்துமே இதனை ஈன்றன. உலகச் சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. பொருளை மறைக்கும் குறிகளால் வானலை அன்பர்கள் பேசலாகாது என்பது நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. வணிகம் பேசுவதும் கூடாது. துண்டின் அடியில் பேசும் பேச்சுக்கு அங்கு இடமே இல்லை.

ஆயினும் புரியாத பேச்சைக் கண்டு அரசுகள் ஐயுறுவது இயல்பு. நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா இந்தியாவின் முதல் வானலை அன்பரானார். அவ்வாண்டிலேயே முகுல் போசு இரண்டாமவரானார். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. ஆர்வலர்கள் கூடி நடத்திய அக்கழகம் அவ்வாண்டு சூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927-இல் பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றபோது, அதன் கருவி சென்னை நகராட்சிக்குச் சென்றது; 1930-இல் நகராட்சி ஒலிபரப்பு நடத்த அது துணையாயிற்று. இன்று பெரு நிறுவனமாக விளங்கும் வானொலியின் முன்னோர் சிலர் இத்தகைய பொழுதுபோக்கு அன்பர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

1939-இல் உலகப் போர் மூண்டது. இந்திய வானலை அன்பர்களின் உரிமங்கள் நீக்கப்பட்டன. கருவிகளை ஒப்படைக்க ஆணை பிறந்தது. நட்புக்காகப் பேசியவர்கள் வாய் மூடினர். 1942-இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரசு வானொலி, இடம் மாற்றி இடம் மாற்றி ஒலித்து, சில மாதங்களில் காவலர் கையில் அகப்பட்டது. அவர்கள் நிலையத்தின் இடத்தை மறைத்தனர்; சொல்லை மறைக்கவில்லை. நாடு முழுவதும் கேட்கவேண்டும் என்பதற்காகவே பேசினர். விடுதலைக்குப்பின், 1948-இல் மோவ் நகரில் இந்திய வானலை அன்பர் கழகம் உருவாயிற்று. போருக்குப்பின் மீண்ட உரிமை, வெளிப்படையாகப் பேசுவோம் என்னும் வாக்குறுதியின் மேல் நிற்பது.

நான் இம்மொழியைக் கற்றது திருப்பூரில், நண்பர் இருவரோடு. ஒருவர் நூல் வணிகர். மற்றவர் பின்னலாடை ஆலையில் மின்பணியாளர். உரிமத் தேர்வுக்காக மாலைவேளைகளில் ஒன்றுகூடிப் படித்தோம். எண்ணிலே பொருள் காணும் பழக்கமுடைய வணிகருக்குக் குறிகள் எளிதில் மனத்தில் பதிந்தன. ஆலை இரைச்சலில் கையசைவாலும் வாயசைவாலும் பேசிப் பழகிய மின்பணியாளருக்கு, ஒரு சொல்லை இருமுறை சொல்வதும் மறுமொழிக்குக் காத்திருப்பதும் இயல்பாகவே வந்தன.

ஒருநாள் வணிகர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க அண்ணா, ஒரே ஊர்ல இருக்கிற நாம மூணு பேரும் தமிழ்ல பேசிக்கிட்டாப் போதாதுங்களா? இத்தனை குறி எதுக்குங்க?"

நல்ல கேள்வி. நாங்கள் மூவரும் பேசிக்கொள்ளத் தமிழே போதும். வானலையிலும் நாங்கள் பெரும்பாலும் தமிழிலேதான் பேசுகிறோம். ஆனால் வானலையில் மூவர் மட்டும் இருப்பதில்லை. நான்காமவர் ஒருவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் யார், எங்கிருக்கிறார், என்ன மொழி பேசுகிறார் என்பதை நாம் அறியோம். அவர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்பதற்காகவே ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் சிறிது இடைவெளி விடுகிறோம். நம் அடையாளக் குறியைச் சொல்கிறோம். அவரும் அறிந்த பொதுச்சொல்லை வழங்குகிறோம். நம்முடைய நண்பருக்காக மட்டுமின்றி, இன்னும் நண்பராகாதவருக்காகவும் கற்கும் மொழி இது. இதைச் சொன்னபோது வணிகர், "அப்பச் சரிங்க, வாசலைத் திறந்து வெச்சுப் பேசற பேச்சுன்னு சொல்லுங்க" என்றார். என் விளக்கத்தினும் அவர் சொன்னதே நன்றாக இருந்தது.

அத்திறந்த வாசலின் அருமையை 2004-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அந்தமான் தீவுகளில் வானலை அன்பர்கள் பேச நெடுங்காலமாக இசைவு கிடைப்பது அரிதாயிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இசைவு பெற்று, ஐதராபாத்திலுள்ள தேசிய வானலை அன்பர் நிறுவனத்தைச் சார்ந்த குழு ஒன்று பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தலைமையில் போர்ட் பிளேயர் சென்றது. உலகெங்குமுள்ள அன்பர்களோடு ஒருமுறையேனும் பேசி மகிழ்வதே பயணத்தின் நோக்கம். சொல்லப்போனால் அது ஒரு விளையாட்டு. டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது, கடல் ஏறியது, தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அந்நிலையிலும் அவர்களின் நிலையம் பேசிற்று. வாழ்த்துப் பரிமாறிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே, தீவுகளில் இருந்தோரின் நலச்செய்திகளும் உதவி வேண்டும் செய்திகளும் தாய்நிலத்துக்குச் சென்றன.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. பேரிடர் நேரத்தில் ஒரு நிலையம் ஒழுங்குபடுத்த, மற்றவை அழைக்கும்வரை அமைதி காக்கவேண்டும். ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டும். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லவேண்டும். பெற்றதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்யவேண்டும். இவற்றை அன்றைக்கு யாரும் புதிதாகக் கற்க இயலாது. பயனற்ற அரட்டை என்று பிறர் நினைத்த பேச்சிலே பல ஆண்டு பழகியிருந்தவர்களுக்கே அது கைகொடுத்தது.

2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வானலை அன்பர்களுக்கென்றே ஹாம்சாட் என்னும் 42.5 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோளை இந்தியா ஏவியது. அது 2014 வரை பணிசெய்தது. அத்தகைய கோள் நம் வானத்தைக் கடந்து செல்லப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே ஆகும். அந்நேரத்துக்குள் பல ஊர்க்காரர்கள் அதன் வழியே பேசியாகவேண்டும். நீட்டி முழக்குகிறவர் பிறர் நேரத்தைப் பறிக்கிறார். பெயர், இடம், கேட்கும் தரம், ஒரு '73' ஆகிய நான்கும் போதும். பழந்தந்தியாளரின் சிக்கனம் செயற்கைக்கோள் காலத்திலும் பயன்படுவது வியப்பே.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. நம் நாட்டில் தந்திச் சேவையே 2013 சூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. இந்நிலையில் இம்மொழி எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். கைப்பேசியில் நாம் எண் தெரிந்தவரோடு பேசுகிறோம். வானலையில் யாரென்று தெரியாதவரை அழைக்கிறோம். கைப்பேசிக்குக் கோபுரமும் மின்சாரமும் நிறுவனமும் வேண்டும்; வானலைக்குக் கருவியும் ஒரு மின்கலமும் ஒரு கம்பியும் போதும். 12 வயது நிரம்பியவர் எவரும் இத்தேர்வை எழுதலாம். தேர்வு எழுத மனமில்லாதோர்க்கு 27 மெகாஹெர்ட்சை ஒட்டிய மக்கள் அலைவரிசையில், 5 வாட் வரை குறைந்த ஆற்றலில், உரிமமின்றியே பேச 2005-ஆம் ஆண்டு விதிகள் வழிவிட்டன.

கற்க விரும்புவோர்க்கு முதற்பாடம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கருவியை எடுத்ததும் பேசத் தொடங்காதீர்கள், முதலில் கேளுங்கள். அலைவரிசையில் யாரேனும் இருக்கிறார்களா, ஆபத்தில் உள்ளவர் எவரேனும் அழைக்கிறார்களா என்று செவிசாயுங்கள். பிறகு 'இவ்வலைவரிசையில் யாரேனும் உண்டா?' என்று வினவுங்கள். விடை இல்லையெனின் உங்கள் அடையாளக் குறியைச் சொல்லி அழையுங்கள். நன்னூலார் வகுத்த குழூஉ என்பது ஒரு சிலரின் கூட்டம். வானலை அன்பர்களின் குழூஉவோ, இக்குறிகளைக் கற்கும் சிறு முயற்சியை மேற்கொள்ளும் எவரும் சேரக்கூடியது. அக்கூட்டத்தில் நம் தமிழ் இளைஞர்களும் மிகுதியாகச் சேரவேண்டும் என்பதே என் விருப்பம்.